நான் தொடங்கிய பெத்தாங் கிளப்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெத்தாங் கிளப் இருக்கிறது. அதைத் தொடங்கியது யார் என்று அங்கே யாரைக் கேட்டாலும் என் தோழியின் பெயரைத்தான் சொல்வார்கள். கிளப் அறையில் மாட்டியிருக்கும் பலகையிலும் முதல் தலைவர் என்று அவள் பெயர்தான் இருக்கிறது. தொடங்கியது நான். இதை முதல் பத்தியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் வேறு எங்கேயும் யாரும் எழுதப்போவதில்லை.

பெத்தாங் என்றால் என்ன என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சின்ன மரக் குண்டை மண்ணில் வீசிவிட்டு, பிறகு கனமான இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக அதை நோக்கி வீச வேண்டும். யாருடைய குண்டு மரக் குண்டுக்கு மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பதின்மூன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மரக் குண்டுக்கு பிரெஞ்சுக்காரர்கள் பன்றிக்குட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் குட்டி என்றோம்.

பள்ளிக்கூட நாட்களில் டியூஷன் முடிந்து ரெட்டியார்பாளையத்துக்குச் சைக்கிளில் திரும்பும்போது, வழியில் ஒரு திடலில் வயதானவர்கள் இதை ஆடுவதைப் பார்ப்பேன். எல்லாரும் ஆண்கள். குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய் வீசுவார்கள். அந்த இரும்பு மண்ணில் விழும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒருநாள் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன். “பொம்பளப் புள்ளைங்களுக்கு இங்க இன்னாம்மா வேல? ஓரமா போ, கால்ல வுயுந்துடும்” என்றார் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. கோழியை விரட்டுவது போலச் சொன்னார். எனக்கு ஒரு வாரம் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த ஆத்திரம்தான் எம்.ஏ. முதலாண்டில் கிளப்பாக மாறியது. எங்கள் துறைக்குப் பின்னால் முந்திரி மரங்களின் ஓரத்தில் செம்மண் தரை ஒன்று சும்மா கிடந்தது. ஒரு மதியம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. பக்கத்தில் அவள் இருந்தாள்.

“இங்க பெத்தாங் ஆடலாம்டி. ஒரு கிளப்பு ஆரம்பிச்சா எப்டி இருக்கும்? பொண்ணுங்களும் ஆடுற மாதிரி” என்றேன்.

அவள் சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். “ஐயோ, எங்கூட்டுப் பரண்மேல ரெண்டு செட்டு குண்டு கெடக்குதுடி! அப்பா பிரான்சுல துலோன்லேந்து கொண்டாந்தது. நாளைக்கே எடுத்தாரேன்” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் கிளப்பில் பாதி போய்விட்டது. அப்போது எனக்கு அது தெரியவில்லை, சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். குடும்பம் முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. அக்கா லியோனில். லாஸ்பேட்டையில் மாடி வீடு. நான் எலெக்ட்ரிக்கல் கடையில் விற்பனையாளராக இருப்பவரின் மகள், அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். இதனால் அவள் என்னை இளக்காரமாகப் பார்த்தாளா என்றால் அதுதான் இல்லை. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவளோ எதைப் பார்த்தாலும் “இந்தா, உனக்கு” என்கிற ஜாதி.

அக்கா அனுப்பிய சென்ட், எனக்கு ஒன்று. கடற்கரை ரோட்டில் ஐஸ்கிரீம், அவள்தான் வாங்குவாள். மழைக்காலத்தில் அவளுடைய இரண்டு ரெயின்கோட்டில் நல்லது என் மேல் இருக்கும். சாயங்காலம் ஸ்கூட்டரில் என்னை வீடுவரை கொண்டுவந்து விடுவாள். அவளுக்கு அது சுத்து வழி. வாசலில் அம்மாவிடம் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவாள். அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

“எவ்ளோ தங்கமான பொண்ணு. ஒரு பந்தா இல்ல, ஒண்ணும் இல்ல. நீயும் இருக்கியே, மூஞ்சிய உர்ருன்னு வெச்சிக்கினு.”

பெற்ற தாயையும் அவள் எடுத்துக்கொண்டாள் என்று எழுதினால் மிகையாக இருக்கும். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஒருமுறை நானும் ஏதாவது கொடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். அம்மாவை நச்சரித்து மொச்சைக்கொட்டை கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி, பெரிய டப்பாவில் எடுத்துப் போனேன். அவள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள், பாதியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் டப்பா திரும்பி வந்தது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. நாலு கற்கண்டு போட்டுக் கொடுத்திருக்கலாம், ஒரு பிடி சர்க்கரை போட்டிருக்கலாம். டப்பா நிறைய லியோன் சாக்லேட். தங்கக் காகிதம் சுற்றியது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். என் வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிச் சப்பினார்கள். கருவாட்டுக் குழம்பை யாரும் நினைக்கவில்லை. நான் ஒரு சாக்லேட்டும் தொடாமல் படுத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் மிச்சம் இருந்த இரண்டையும் நானே தின்றேன் என்பது வேறு விஷயம்.

கிளப் வேலை தொடங்கியது. மாணவர் நலன் அலுவலகத்துக்கு நடந்தது நான். கையெழுத்து வாங்க விடுதி விடுதியாகப் போனது நான். புல் செதுக்க ஆள் பிடித்தது, ஆலோசகராக இருக்கச் சொல்லி பிரெஞ்சுத் துறை மேடத்திடம் கெஞ்சியது, எல்லாம் நான். அவள் இரண்டு செட் குண்டைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தாள். அவ்வளவுதான், கூட்டம் அவளைச் சுற்றி நின்றது.

அவள் வீசுவதைப் பார்த்தால் நானே அங்கேதான் போய் நின்றிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு ஆடிய கை. எதிராளியின் குண்டைக் குறிவைத்து அடித்து, அது பறந்துபோக, தன் குண்டை அதே இடத்தில் உட்கார வைப்பாள். டங்கென்று ஒரு சத்தம். பையன்கள் விசில் அடிப்பார்கள். நான் வீசினால் குண்டு உருண்டு உருண்டு போய், ஏதோ வெட்கப்பட்டது போல ஓரமாக நிற்கும். நான் தினமும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து தனியாகப் பழகினேன். இரண்டு மாதத்தில் என் குண்டும் குட்டிக்குக் கிட்டே போய் நிற்க ஆரம்பித்தது. யாரும் விசில் அடிக்கவில்லை. கிட்டே போய் நிற்பதற்கு யார் விசில் அடிப்பார்கள்?

எனக்கென்று ஒன்று இருந்தது. சட்டம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு விதிகள் தெரியாது. நான் இணையத்தில் தேடி, மேடத்திடம் சந்தேகம் கேட்டு, எல்லா விதிகளையும் தமிழில் எழுதி அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். அதில் ஒரு விதி: ஒரு சுற்று முடிந்ததும் யாருக்குப் புள்ளி என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் யாராவது தன் குண்டைக் கையில் எடுத்துவிட்டால் அந்தக் குண்டு செல்லாது. அவளுக்கே இது புதிதாக இருந்தது. “எங்கூட்ல இதெல்லாம் பாக்கவே மாட்டாங்கடி. அப்பா எடுத்து வெச்சிக்கினுதான் சண்டையே போடுவாரு” என்று சிரித்தாள். அவள் வீட்டில் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், இங்கே சட்டம் சட்டம்தான் என்றேன். ஒரு ஜூனியர் பையன் அவசரப்பட்டுக் குண்டை எடுத்தபோது செல்லாது என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் தொங்கிப்போனது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம் வந்தது. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. விசில் கிடைக்காதவளுக்கு அதுவாவது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. அவள் குண்டு அடிக்கிறாள், மெதுவாக ஓடும்படி எடுத்திருந்தார்கள், தலைமுடி காற்றில் பறக்கிறது. கீழே, நம் வளாகத்தில் பெத்தாங் கிளப்பைத் தொடங்கிய மாணவி என்று போட்டிருந்தது. வீடியோவின் ஓரத்தில் ஒரு நீலச் சுடிதாரின் பாதி தெரிந்தது. அந்தப் பாதிதான் நான்.

அன்று என்னைவிட அவள்தான் அதிகம் பதறினாள். “நான் சொல்லவே இல்லடி, அவங்களா போட்டுட்டாங்க” என்று உடனே கீழே கருத்து எழுதினாள். இது என் தோழியின் யோசனை, அவள்தான் தொடங்கினாள், நான் வெறும் குண்டு கொண்டுவந்தவள் என்று. அதற்குக் கீழே குவிந்த பதில்களைப் படித்தேன். எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு எளிமை, உன்னைப் போல ஒரு தோழி கிடைக்க வேண்டும். என் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியமும் அவளுக்கே போனது. போனைக் கட்டிலில் எறிந்தேன்.

கிளப் ஒரு வருடம் தற்காலிகமாக நடக்க வேண்டும், அதன் பிறகுதான் நிரந்தரப் பதிவு, அப்போது தலைவர் என்று ஒரே ஒரு பெயர் வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. அந்த வருடம் முடிந்து நாங்கள் இரண்டாமாண்டுக்கு வந்திருந்தோம். பதிவானால் அறை கிடைக்கும், அறையில் பலகை மாட்டுவார்கள், முதல் தலைவரின் பெயர் அதில் என்றைக்கும் இருக்கும். எனக்கு அந்த முதல் வரி வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சோறு தின்னும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர் அவள் என்றார்கள், என்னுடைய ஓட்டத்தையெல்லாம் பார்த்திருந்த மீதிப் பேர் நான் என்றார்கள். அவள் உடனே எழுந்து என்னைக் காட்டி, “அவளே இருக்கட்டும்” என்றாள். நான் அதைவிட வேகமாக, “அதெல்லாம் வேணாம், முறையா முடிவு பண்ணுங்க” என்றேன். மேடம் கையை விரித்தார். “நீங்களே பாத்துக்கோங்கப்பா, என்ன இழுக்காதீங்க.”

யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். “ஆடியே முடிவு பண்ணிக்கட்டும்! ஜெயிக்கிறவங்க தலைவர்!”

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சங்கடமாக என்னைப் பார்த்தாள். என்னை ஜெயித்துவிடுவோம் என்று தெரிந்த சங்கடம். அந்தப் பார்வைக்காகவே சரி என்றேன்.

ஒற்றைக்கு ஒற்றை, ஆளுக்கு மூன்று குண்டு. அன்று மொத்தக் கிளப்பும் முந்திரி மரங்களின் நிழலில் நின்றது. முதலில் அவள் எட்டுக்கு இரண்டு என்று போனாள். எல்லாரும் முடிந்தது என்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். குட்டியை வீசும் முறை எனக்கு வந்ததும், அதை வெகு தூரத்தில் வீச ஆரம்பித்தேன். அவ்வளவு தூரத்துக்கு அவளுடைய அடி தவறும் என்று எனக்குத் தெரியும், ஒரு வருடமாக அவள் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லையே. தவறியது. மீண்டும் தவறியது. நான் ஒவ்வொன்றாக உருட்டிக் கிட்டே கொண்டுபோய் வைத்தேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வந்தபோது போன்கள் எல்லாம் பைக்குள் போயிருந்தன.

கடைசிச் சுற்று. அவளுடைய குண்டு ஒன்று குட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவளிடம் வேறு குண்டு இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது. வீசினேன். மெதுவாக உருண்டது, ஒரு சின்னக் கல்லில் பட்டு உள்பக்கம் திரும்பியது, அவளுடைய குண்டைத் தாண்டிப் போய் குட்டியை உரசிக்கொண்டு நின்றது.

விசில். எனக்கு, முதல் தடவையாக, விசில். நான் ஓடினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் குனிந்து, என் குண்டைக் கையில் எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

விசில் நின்றது. நான் செல்லாது என்று சொல்லி முகம் தொங்கிப்போனானே, அந்த ஜூனியர் பையன்தான் முதலில் சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். “எடுத்துட்டாங்க.”

அவள் இன்னும் தன் இடத்திலேயே நின்றிருந்தாள். அளக்கவில்லை, பார்க்க வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. என் கையில் இருந்த குண்டு செல்லாத குண்டு. தரையில் மிச்சம் இருந்ததில் குட்டிக்கு அருகில் இருந்தது அவளுடையது.

அவள் ஓடி வந்தாள். “பரவாயில்ல, வையிடி கீழ. எல்லாரும்தான் பாத்தாங்களே, உன்னுதுதான் கிட்ட. நான் ஒத்துக்கறேன். ஒத்துக்கறேன், போதுமா?” என்று சுற்றிலும் திரும்பிச் சொன்னாள். “இவதான் ஜெயிச்சா!”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு அந்த முகங்கள் தெரிந்தன. எல்லாம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, அந்த வீடியோவுக்குக் கீழே பதில் எழுதியவர்களின் முகங்கள். நான் ஜெயித்த ஆட்டத்தை எடுத்து, காகிதம் சுற்றி, எனக்கே பரிசாகக் கொடுக்கிறாள். ‘இந்தா, உனக்கு.’ பலகையில் என் பெயர் இருக்கும். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம், அவள் விட்டுக்கொடுத்தாள், எவ்வளவு நல்ல பொண்ணு என்பார்கள். வருடா வருடம் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கும் அதே கதையைச் சொல்வார்கள்.

“செல்லாது” என்றேன். “விதி விதிதான். அவ ஜெயிச்சா.”

 கூட்டம் கைதட்டியது. மேடம் வந்து என் தோளைத் தட்டி, இந்த நேர்மைதான் கிளப்புக்கு அழகு என்றார். ஜூனியர் பையன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமையை இவ்வளவு அழகாக யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

அன்று ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்று நடந்தேன். அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கூட வந்தாள். மெயின் கேட்டைத் தாண்டினோம். பஸ் நிறுத்தத்தில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள்.

“எல்லாம் நேர்ம நேர்மன்னு சொல்லிட்டுப் போவுதுங்க. எனக்குத் தெரியும்டி. எங்கிட்ட வாங்கிக்கக் கூடாதுன்னுதான் நீ வேணாம்ன.”

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.  மழுப்பத் தோன்றவில்லை.

“ஆமா” என்றேன்.

அவள் கண் கலங்கியது. “உன் கிளப்புடி அது. நீதான் நாயா அலைஞ்ச. எனக்கு வேணாம் இந்தத் தலைவர் எல்லாம். நாளைக்கே மேடங்கிட்ட சொல்லி மாத்திடறேன். நீயே வெச்சிக்க.”

அந்த நிலைமையிலும் கொடுக்கிறாள், பாருங்கள். அழுதுகொண்டே கொடுக்கிறாள். எனக்குள் இருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

“சேந்த நாள்லேந்து உங்கிட்ட எவ்ளோ வாங்கியிருக்கேன்? ஒரு தடவயாவது வேணாம்னு சொன்னேனா? ஒவ்வொண்ணுக்கும் சிரிச்சிக்கினு வாங்கினேன். இது நான் குடுக்கறது. எங்கிட்ட இருந்த ஒரே நல்ல பொருளு. நீயும் சிரிச்சிக்கினு வாங்கிக்க.”

அவள் கைகளை என்ன செய்வது என்று தெரியாதவள் போல ஸ்கூட்டர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. எங்கேயோ கூசியது அவளுக்கு. அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம், ஆனால் இன்னொருத்தி முகத்தில் அதை அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது. பாவத்தைவிடத் திருப்தியாக இருந்தது.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். படியில் ஏறும்போது பின்னாலிருந்து, மிகவும் சின்னக் குரலில், “தேங்க்ஸ்” என்றாள். அதுவரை அந்த வார்த்தையைச் சொல்வது என் வேலையாக இருந்தது.